ஆரியங்காவு தாண்டி எண்ணெய் அனுப்ப ஜிஎஸ்டி கட்டாயமா?

புளியரை செக்கு:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். புளியரையில வாகை மரச்செக்கு போட்டு தேங்காய் எண்ணெய் ஆட்டுறேன். வருசத்துக்கு 15 லட்சம் வியாபாரம் நடந்தாலே பெரிசு. 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி தேவையில்லைன்னாங்க, அதனால எடுக்கல. இப்போ கேரளாவுல புனலூர் பலசரக்குக் கடைக்காரர் ஒருத்தர் உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு, மோந்து பாத்துட்டு, வாரம் நாலு டின் கேக்கார். 15 கிலோ டின். பில் கண்டிப்பா வேணுமாம். செக்போஸ்ட்தான் இல்லையே, சும்மா பஸ்ல ஏத்திவிடுன்னு வீட்டுல சொல்றாங்க. ஆர்டரை விடவும் மனசில்ல, அப்படி அனுப்பவும் மனசில்ல.

தென்காசி கணக்கர்:
தங்கச்சி, அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சரக்கு விக்கிறவங்களுக்கு. வரி உள்ள சரக்கு வேற மாநிலத்துக்குப் போனா, ஒரு டின்னே ஆனாலும் பதிவு கட்டாயம். சட்டத்துல 24ஆம் பிரிவு. 1 சதவீதம்தானேன்னு சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்துல சேந்துராதீங்க. அதுல இருந்தா வெளிமாநிலத்துக்கு விக்கவே கூடாது. சாதாரணப் பதிவு எடுங்க, போர்ட்டல்ல கட்டணம் கிடையாது. புனலூர் பில்லுக்கு 5 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி.

முக்கியமா ஒண்ணு. பதிவு வந்த நாள்லேருந்து ஊருக்குள்ள தூக்குவாளி கொண்டுவந்து வாங்குறவங்களுக்கும் அதே 5 சதவீதம் உண்டு. 400 ரூபாய் எண்ணெய்க்கு 20 ரூபாய். வாடிக்கைக்காரங்ககிட்ட வாங்க முடியலன்னா உங்க கையிலேருந்துதான் போகும். இப்பவே விலையைக் கணக்குப் பண்ணிருங்க. டின், பாட்டில் பில்லுல இருக்கிற வரியைக் கழிச்சுக்கலாம், அந்தப் பில்லைத் தூரப் போடாதீங்க.

செங்கோட்டை மண்டி:
2017ல ஜிஎஸ்டி வந்ததும் வரி செக்போஸ்ட் போச்சு, பறக்கும் படை போகல. பில் இல்லாமப் பிடிச்சா வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம், அதைக் கட்டுற வரைக்கும் வண்டியும் நிக்கும். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய் தாண்டினாத்தான் ஈ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைன்ல எடுக்கிற சீட்டு. உங்க நாலு டின்னுக்கு பில் போதும்.

புளியரை செக்கு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. கார்த்திகையில மலைக்குப் போற சாமிமாரும், ஊர் திரும்புற கொல்லத்துக்காரங்களும் வாசல்ல வண்டியை நிறுத்தி வாங்குறாங்களே, அதுவும் வெளிமாநில விற்பனையா?

தென்காசி கணக்கர்:
இல்லம்மா. பதிவு இல்லாதவங்க கடைக்கு வந்து வாங்கி, பில்லுல அவங்க விலாசம் போடலன்னா அது உள்ளூர் விற்பனைதான். ரிட்டர்ன், அதாவது வரிக்கணக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்க போடுற முறையைக் கேட்டு வாங்குங்க. வியாபாரமே இல்லாட்டியும் பூஜ்யம்னு காட்டி 'நில்' ரிட்டர்ன் போடணும், பிந்தினா நாளுக்கு 20 ரூபாய். செக்குக் கொட்டகை யார் பேர்ல இருக்கு?

புளியரை செக்கு:
மாமியார் பேர்ல.

தென்காசி கணக்கர்:
அப்போ அவங்க சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் எடுத்துக்கிட்டு வாங்க.