ரோட்டா வைரஸ் மருந்தைத் தேர்வு செய்வது குறித்து ஓர் உதவி

மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறிய குழந்தைகள் நலக் கிளினிக்கில் பணிபுரிகிறேன். 1994 முதல் நடைமுறையில் உள்ள 'குழந்தைகளுக்கான தடுப்பூசிகள்' திட்டத்தில், மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெறுகிற அல்லது காப்பீடே இல்லாத, 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு வாங்கித் தரும் மருந்தையே கொடுக்கிறோம்.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டுமருந்தில்தான் எங்களுக்குச் சிக்கல். அதன் இரு வகைகளில், ரோட்டாரிக்ஸ் 2, 4 மாதங்களில் இரண்டு தவணைகளோடு முடிந்துவிடும். ரோட்டாடெக்குக்கு 6ஆம் மாதம் மூன்றாவது தவணையும் வேண்டும். அரசு இருப்பில் ஒன்றும், தனியார் காப்பீட்டுக் குழந்தைகளுக்கான இருப்பில் மற்றொன்றும் இருப்பதால், குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு செவிலியர் ஒவ்வொரு முறையும் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இடையில் காப்பீடு மாறி இரண்டும் கலந்துவிட்டால் மொத்தம் மூன்று தவணைகள் கொடுத்தாக வேண்டும். 8 மாதம் நிறைந்தபின் கொடுக்கக் கூடாது என்பதால், தாமதமாக வரும் குழந்தைக்குக் கடைசித் தவணை கிடைக்காமலே போகிறது. அண்மையில் அப்படி ஒரு தாயைத் திருப்பி அனுப்பியது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

எந்த வகை என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மாநிலத்தில் அந்தத் தேர்வு உங்களிடம் இருக்கிறதா? இரு இருப்பிலும் ஒரே வகையை வைத்துக்கொள்ள மாநிலத் தடுப்பூசிப் பிரிவுக்கு எவரேனும் எழுதியிருந்தால், என்ன காரணங்களை முன்வைத்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.