மறு: ரீகாயில் செபரேட்டர் – தமிழில் என்ன?

> துப்பாக்கிக்குப் 'பின்னுதைப்பு' என்கிறோமே. இதற்கும் 'பின்னுதைப்புப் பிரிப்பான்' என்று வைத்துவிடலாம்.

அண்ணாச்சி, துப்பாக்கிக்கு அது சரி. புதுத் தனிமங்களின் அணுக்கருக்களைப் பிரித்தெடுக்கும் இந்தக் கருவியில் எதுவும் பின்னால் போவதில்லையே!

ஜப்பானின் ரைக்கன் ஆய்வகத்தில் 113-ஆம் தனிமம் நிகோனியத்தைப் பிடித்த கதையைப் பாருங்கள். பிஸ்மத் தகட்டின் மேல் துத்தநாக அணுக்கருக்களைக் கற்றையாக ஒளிவேகத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில் பாய்ச்சினார்கள். அபூர்வமாக இரண்டு கருக்கள் ஒட்டிக்கொண்டால், வந்த கருவின் உந்தம் புதுக் கருவுக்குக் கைமாறும். கற்றை போகும் திசையிலேயே அது தகட்டை விட்டு வெளியேறும். இதைப் பின்னுதைப்பு என்று எழுதினால், கருவைப் பிடிக்கும் உணரி தகட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு வரும் பிள்ளைகள் முழிப்பார்கள்.

அப்படி வெளியேறும் கருவுக்கு 'உந்துகரு' எப்படி? உந்தம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. கருவி 'உந்துகருப் பிரிப்பான்'. மோதாமல் தப்பிய கற்றையைக் காந்தத்தால் ஒதுக்கிவிட்டு, உந்துகருவைச் சிலிக்கான் உணரிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை.

உணரியில் கரு புதைந்த அதே இடத்திலிருந்து ஆல்ஃபா துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2012-இல் கிடைத்த தொடரில் ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு புரோட்டானைக் கொண்டுபோகும். கடைசியில் நின்றது மெண்டலீவியம், அணு எண் 101. பன்னிரண்டைக் கூட்டினால் 113. நடுவில் வந்த போரியமும் டுப்னியமும் ஏற்கெனவே தெரிந்த கருக்கள் என்பதால்தான் இந்தக் கணக்கு எடுபட்டது. 2004, 2005, 2012 என மொத்தம் மூன்றே கருக்கள்! இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததற்குத் திசை தப்பிய பெயரா?

> உந்துகரு என்றால் எதையோ உந்துகிற கரு என்று ஆகாதா தம்பி?

ஆகாது அண்ணாச்சி. வினைத்தொகை இரண்டு பக்கமும் போகும். ஆதிச்சநல்லூர்த் தாழி சுடுமண்தானே, அந்த மண் எதையாவது சுட்டதா?

> சரி, ஒத்துக்கொள்கிறேன். வாயு நிரப்பிய வகைக்குக் 'காற்றுப் பிரிப்பான்' போதுமா?

காற்று வேண்டாம். ரைக்கன் கருவியில் இருப்பது ஹீலியம். அது எதையும் பிரிப்பதில்லை. கருவோடு மோதி மோதி அதன் மின்னூட்டத்தை ஒரு சராசரிக்குக் கொண்டுவரும். அப்போதுதான் காந்தம் எல்லா உந்துகருக்களையும் ஏறக்குறைய ஒரே வளைவில் திருப்ப முடியும். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஷிப் கருவியில் வாயுவே கிடையாது. மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து வேகத்தை வைத்துப் பிரிக்கும். 1996-இல் 112-ஆம் தனிமம் அதில்தான் கிடைத்தது. ஆக, பொதுப்பெயர் உந்துகருப் பிரிப்பான். அதற்குள் 'வாயு நிரப்பியது' ஒரு வகை, 'வேக வடிகட்டி' இன்னொரு வகை. கலைச்சொல் பட்டியலில் இப்படியே ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.