சோலார் வெந்நீரை வாஷிங் மெஷினுக்குக் கொடுத்த பிறகு பச்சைத்தண்ணீர்க் குழாயிலும் சூடு: உதவி தேவை

மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. வெயில் நாளில் பிற்பகலுக்குள் டாங்க் முழுக்க வெந்நீர். குளித்தது போக நிறைய மிஞ்சும். கீழே முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின். அதற்குத் தண்ணீர் உள்ளே போகும் வாய் (இன்லெட்) ஒன்றே ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு மட்டும். தண்ணீரை உள்ளே இருக்கும் ஹீட்டர்தான் சுட வைக்கிறது. மேலே சும்மா வெந்நீர் கிடக்கும்போது கீழே எதற்குக் கரண்ட் செலவு என்று, பிளம்பரை வைத்து வெந்நீர் லைனையும் பச்சைத்தண்ணீர் லைனையும் ஒரு டீயில் (T வடிவக் குழாய் இணைப்பு) சேர்த்து மெஷின் ஹோஸுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் திறந்து மூடத் தனித்தனி பால் வால்வு (ball valve) உண்டு.

அதற்குப் பிறகு குளியலறையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாக வருகிறது. மெஷின் ஓடாத நேரத்திலும் அப்படித்தான். பச்சைத்தண்ணீர் வால்வை மூடிவிட்டு, வெந்நீரை மட்டும் விட்டு 40 டிகிரியில் ஒரு லோடு ஓட்டிப் பார்த்தேன். துவைக்கத் தொடங்கும்போது கதவுக் கண்ணாடியில் லேசான வெதுவெதுப்புதான். கடைசி அலசலில் கை வைக்க முடியாத சூடு! பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தால் மிச்சமும் சொல்லும்படி இல்லை. மெஷினில் கோளாறா, குழாயிலா?

குழாய்க்குறடு:
தம்பி, முதலில் வெந்நீர்ப் பக்க வால்வை மூடுங்கள். மூடி ஒரு மணி நேரம் கழித்துக் குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். அது பழையபடி குளிர்ச்சியாக வந்தால் கோளாறு அந்த டீயில்தான்.

இரண்டு லைனும் ஒன்றாகச் சேரும் இடத்தில் மெஷின் தண்ணீர் எடுக்காதபோது வழி அடைபட்டு நிற்கும். அப்போது எந்த லைனில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலோ, அந்தத் தண்ணீர் மற்ற லைனுக்குள் ஏறிவிடும். குளியலறையில் பச்சைத்தண்ணீரைத் திறந்த உடனே அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது, டீ வழியாக வெந்நீர் ஓடி வருகிறது. இதைத் தடுக்க இரண்டு பக்கமும் நான்-ரிட்டர்ன் வால்வு (non-return valve) போட்டிருக்க வேண்டும். தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு அது. பால் வால்வு அந்த வேலையைச் செய்யாது. திறந்தால் இரு பக்கமும் போகும்.

இன்னொன்று. வெயில் நாளில் சோலார் டாங்கில் 70 டிகிரிக்கு மேலும் போகும். பச்சைத்தண்ணீர் என்று நம்பிக் குழந்தையைக் குளிப்பாட்டும் குழாயில் அது வரலாம். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மொட்டைமாடி:
மூடிவிட்டேன் அண்ணா. குளியலறைக் குழாய் பழையபடி ஆகிவிட்டது. மிக்க நன்றி. துவைக்கும்போது வெதுவெதுப்பு, அலசும்போது சூடு, இது மட்டும் புரியவில்லை.

வாட்மணி:
மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் பார்த்ததுதான் நடக்க வேண்டியது.

டாங்கிலிருந்து மெஷின் வரை உள்ள குழாயில் ஏற்கெனவே ஆறிப்போன தண்ணீர் நிற்கிறது. மெஷின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். அது தீர்ந்து வெந்நீர் வந்து சேரும்போது, துவைக்கத் தேவையான தண்ணீரில் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கும். அதற்குப் பிறகு மெஷின் தண்ணீர் எடுப்பதெல்லாம் அலசத்தான். குழாயும் அதற்குள் சூடேறி, வெந்நீர் நன்றாக வரத் தொடங்கிவிடும். ஒற்றை இன்லெட் மெஷினுக்கு எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்து எடுக்கத் தெரியாது, இருப்பது ஒரே வாசல். ஆக, சூடு வேண்டிய இடத்தில் ஆறின தண்ணீரும், சூடே வேண்டாத இடத்தில் வெந்நீரும் போகிறது.

ஒரு அளவு எடுத்துச் சொல்லுங்கள். நெடுநேரம் வெந்நீர் எடுக்காமல் இருந்துவிட்டு, மெஷின் ஹோஸைக் கழற்றி வாளியில் விடுங்கள். நல்ல சூடாக வரும் வரை எத்தனை லிட்டர் போகிறது? சூடான பிறகு தெர்மாமீட்டரில் எவ்வளவு? பச்சைத்தண்ணீர் எவ்வளவு?

மொட்டைமாடி:
பார்த்தேன். கிட்டத்தட்ட 8 லிட்டர் போன பிறகுதான் சூடு. சூடான தண்ணீர் 58 டிகிரி, பச்சைத்தண்ணீர் 27. மாடியிலிருந்து சலவை இடம் வரை 20 மீட்டர் குழாய் இருக்கும், உள்விட்டம் 20 மில்லிமீட்டர்.

வாட்மணி:
உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு 0.31 லிட்டர் பிடிக்கும். 20 மீட்டருக்கு ஆறேகால் லிட்டர். குழாய்ச் சுவரும் சூட்டைக் குடிப்பதால் 8 வந்திருக்கிறது, கணக்கு பொருந்துகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 வாட்-மணி வேண்டும் (1000 வாட்-மணி ஒரு யூனிட்). இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் பெருக்கல்தான். முன்பக்க மெஷின் துவைக்க மட்டும் எடுப்பது உத்தேசமாக 12 லிட்டர் என்று வையுங்கள். 8 லிட்டர் 27 டிகிரி, 4 லிட்டர் 58 டிகிரி, கலந்தால் 37. துணியும் டிரம்மும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதையும் கழித்தால் நீங்கள் சொன்ன அந்த வெதுவெதுப்புதான் வரும். 12 லிட்டர் 10 டிகிரி ஏறியதில் மிச்சமான கரண்ட் சுமார் 0.14 யூனிட். அதனால்தான் மீட்டரில் சொல்லும்படி தெரியவில்லை.

இப்போது மறுபக்கம். மூன்று அலசல், ஒவ்வொன்றும் 12 லிட்டர் என்றால் 36 லிட்டர் வெந்நீர் சாக்கடைக்குப் போகிறது. அதில் இருந்த வெப்பம் 1.3 யூனிட். வேலை முடிந்ததும் குழாயில் நின்று ஆறும் தண்ணீரில் இன்னும் 0.2. அதாவது 0.14 யூனிட் கரண்டை மிச்சம் பிடிக்க 1.5 யூனிட் வெப்பம் செலவு. வெயில் இலவசம் என்பதால் வலிக்கவில்லை. ஆனால் மேகமூட்டமான நாளில் டாங்கில் இருக்கும், கரண்டில் சுட வைக்கும் பேக்கப் காயில் (coil)தான் அந்த 1.5 யூனிட்டையும் ஈடுகட்டும், மிச்சம் பிடித்ததைப் போல பத்து மடங்கு.

வெந்நீர் இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீர் எதில் சூடாகிறது என்றே பேசுகிறார்கள். சூடான தண்ணீரில் எத்தனை லிட்டர் துவைக்கும் கட்டத்தில் டிரம்முக்குள் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாளியும் தெர்மாமீட்டரும் இருந்தால் யாரும் அளந்துவிடலாம்.

பழையமெஷின்:
இதை அப்படியே ஏற்க முடியவில்லை. இரண்டு இன்லெட் இருந்த மெஷினைப் பல வருடம் வைத்திருந்தேன். வெந்நீர் எடுத்து நன்றாகத்தான் துவைத்தது. சுட வைக்கக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் முடியும். கம்பெனிகள் ஒரு வால்வும் ஒரு ஹோஸும் மிச்சம் என்றுதான் அதை எடுத்துவிட்டார்கள்.

வாட்மணி:
வால்வு மிச்சம் என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மெஷினுக்கு இரண்டு வால்வும் தனித்தனியாக அதன் கட்டுப்பாட்டில் இருந்தன. துவைக்க மட்டும் வெந்நீர், அலசப் பச்சைத்தண்ணீர். ஒரு டீயால் அதைச் செய்ய முடியாது. அப்புறம் அந்தக் காலத்து மெஷின்களில் ஒரு லோடுக்கு 100 லிட்டருக்கு மேல் எடுத்தவை உண்டு. இப்போது மொத்தமே 40 முதல் 60 லிட்டர். அன்று 8 லிட்டர் ஆறின தண்ணீர் வந்தாலும் பின்னால் வெந்நீர் நிறையப் போகும். இன்று அந்த 8 லிட்டரிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

இன்றும் இரண்டு இன்லெட் உள்ள மெஷின் கிடைத்து, டாங்க் சலவை இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, அடிக்கடி 60 டிகிரியில் துவைக்கிற வீடாகவும் இருந்தால் வெந்நீர் இணைப்பு நியாயம்தான். சோலார் வெந்நீருக்கும், வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சுட வைக்கும் ஹீட் பம்புக்கும் இது பொருந்தும். டாங்க் கரண்ட் காயிலில் சூடாவது என்றால் பலனே இல்லை. இங்கேயும் காயில், அங்கேயும் காயில், நடுவில் குழாயில் நஷ்டம் மட்டும் கூடுதல்.

வெள்ளாவி:
துணிப் பக்கத்திலிருந்தும் ஒரு விஷயம் சொல்கிறேன். ரத்தம், பால், முட்டை போன்ற கறைகளில் எடுத்த எடுப்பிலேயே வெந்நீர் பட்டால் கறை நூலிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். பச்சைத்தண்ணீரில் தொடங்கி மெதுவாகச் சூடேறுவதுதான் அவற்றுக்கு நல்லது. சலவைத் தூளிலும் லிக்விடிலும் உள்ள, கறையைச் சிதைக்கும் நொதிகள் அந்த நிதானமான நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நேராக 60-க்கு மேல் உள்ள தண்ணீரில் விழுந்தால் அவை செயலிழந்துவிடும். கடைசி அலசலில் அந்தச் சூடு, அதன் பிறகு வேகமாகப் பிழிதல் என்றால் துணி கசங்கும், இலாஸ்டிக் தளரும். தயவுசெய்து அலசலுக்கு வெந்நீர் விடாதீர்கள். நல்ல துணிகள் வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

மொட்டைமாடி:
நன்றி அக்கா. தினசரித் துணிக்கு எத்தனை டிகிரி வைப்பது?

வெள்ளாவி:
வியர்வையும் தூசியும் மட்டும் என்றால் 30 போதும். 60-ஐப் படுக்கை விரிப்பு, துண்டு, நோயாளி உடுத்தியது ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் மெஷினுக்குள் வழவழப்பும் வாடையும் சேரும். அதனால் மாதம் ஒருமுறையாவது 60 டிகிரியில் ஒன்று ஓடட்டும்.

வாட்மணி:
அக்கா சொன்னதைக் கணக்கில் பார்த்தால்: துவைக்கும் அந்த 12 லிட்டர் 27 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக 0.46 யூனிட், 40-க்கு 0.18, 30-க்கு 0.04. துணி, டிரம் சூடாவது தனி. மோட்டாருக்கு ஒரு லோடுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் எப்படியும் போகும். குழாயைத் தொடாமல், குமிழைத் திருப்புவதிலேயே பெரும்பகுதி மிச்சம் வந்துவிடுகிறது. தண்ணீர் 10, 15 டிகிரியில் வரும் குளிர்ப் பகுதி என்றால் இந்த எண்கள் எல்லாம் ஏறும், வித்தியாசமும் ஏறும்.

புதுவாசகி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் டாங்க் இல்லை, குழாயைத் திறந்தால் பற்றிக்கொள்ளும் கேஸ் ஹீட்டர். அதை மெஷினுக்குக் கொடுக்கலாமா? மெஷின் மேல்பக்கம் திறப்பது, உள்ளே ஹீட்டர் கிடையாது, இன்லெட் இரண்டு.

குழாய்க்குறடு:
உங்கள் கதை வேறம்மா. உள்ளே ஹீட்டர் இல்லாத மெஷினில் சூடு வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. வெந்நீர் இன்லெட்டும் அதற்கென்றே வைத்தது, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மேல்பக்க மெஷின் டிரம்மை நிரப்பித் துவைக்கும், அதனால் வெந்நீர் நிறைய எடுக்கும். அழுக்குத் துணிக்கு மட்டும் வெந்நீரைத் தேர்ந்தெடுங்கள். கேஸ் ஹீட்டருக்குக் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும், பெரும்பாலானவை நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் ஓடினால்தான் பற்றும். மேல்பக்க மெஷின் தொடர்ந்து நிரப்புவதால் பற்றிவிடும். துணி உறிஞ்ச உறிஞ்சக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் முன்பக்க மெஷினில்தான் பற்றி அணைந்து, பற்றி அணைந்து தொல்லை.

பழையமெஷின்:
வாட்மணி கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். துணி உலர்த்தும் மெஷின் வைத்திருப்பவர்கள் துவைப்பதில் கால் யூனிட் மிச்சம் தேடுவதற்கு முன் பிழியும் வேகத்தைப் பாருங்கள். துணியில் மிஞ்சும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். கொடியில் காயப்போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. அலசலுக்கு வெந்நீர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. படுக்கை விரிப்புக்கு 60 வைக்கும்போது மட்டும், முதல் 8 லிட்டரை வாளியில் பிடித்துவிட்டு வெந்நீர் வால்வைத் திறந்து, மெஷின் துவைக்கத் தண்ணீர் எடுத்ததும் மூடிவிட்டால்?

வாட்மணி:
செய்யலாம், 0.4 யூனிட் வரை மிச்சம் வரும். ஆனால் முதலில் மேனுவலில் உள்ளே வரும் நீரின் உச்ச வெப்பநிலையைப் பாருங்கள். பச்சைத்தண்ணீருக்கு மட்டும் என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். 60 வரை என்று போட்டிருந்தாலும் சோலார் டாங்க் அதைத் தாண்டும், பச்சைத்தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்துக் கொடுக்கும் கலவை வால்வு ஒன்று வேண்டியிருக்கும். மாதம் சில லோடுக்காக அவ்வளவு செலவு எனக்குச் சரியாகப் படவில்லை. வெயில் நேரத்தில் மிஞ்சும் வெந்நீரில் விரிப்புகளைத் தொட்டியில் ஊறவைத்துவிட்டு மெஷினில் 40-ல் போடுவது எளிது.

மொட்டைமாடி:
அது நல்ல யோசனை, மேனுவலிலும் பச்சைத்தண்ணீர் மட்டும் என்றுதான் இருக்கிறது. அண்ணா, வெந்நீர் வால்வை மூடியே வைத்தால் போதுமா, பிரித்துவிட வேண்டுமா?

குழாய்க்குறடு:
பிரித்துவிடுங்கள். யாராவது தெரியாமல் அந்த வால்வைத் திறந்தால் பழைய தொல்லை திரும்ப வரும். மெஷின் பக்கத்தில் மட்டும் மூடிபோட்டு நிறுத்த வேண்டாம். வெந்நீர் லைனிலிருந்து இந்தக் கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டி எண்ட் கேப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீளக் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். கிருமி வளர அது தோதான இடம், அந்த லைனில்தான் நீங்கள் குளிக்கவும் செய்கிறீர்கள். கேப் போட்ட பிறகு வெந்நீர்க் குழாய்களை எல்லாம் சில நிமிடம் திறந்துவிட்டு, அதன் பிறகு பயன்படுத்துங்கள்.