1963 ஈ-டைப், 1963 கார்வெட்: குதிரைத்திறன் கூடுதல், வேகம் ஏன் குறைவு?

முதல்கியர்:
1963 ஜாகுவார் ஈ-டைப் 3.8 (3.8 லிட்டர் என்ஜின்), அதே ஆண்டின் செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஈ-டைப்புக்கு 265 குதிரைத்திறன். கார்வெட்டில் நான் எடுத்துக்கொண்ட 327 கன அங்குல வி8-க்கு 300. ஆனாலும் உச்ச வேகத்தில் ஈ-டைப்தான் முந்துகிறது, மணிக்கு 150 மைல் என்று போட்டிருக்கிறார்கள். எண்ணில் தப்பு இருக்கிறதா?

பழைய கார்புரேட்டர்:
தம்பி, இந்த இரண்டு என்ஜினையும் கழற்றிப் பூட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சிலிண்டரைப் பாருங்கள். ஜாகுவாரில் துளை 87 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 106. கார்வெட்டில் துளை 101.6, ஓட்டம் 82.6தான். ஒன்று ஒல்லியாக உயரம், மற்றது அகலமாகக் குட்டை. இரண்டு பிஸ்டனையும் ஆளுக்கொரு கையில் எடுத்தால் ஒரே வேலைக்குச் செய்தவை என்று நம்பமாட்டீர்கள். கொள்ளளவு 3,781 சிசிக்கு எதிரே சுமார் 5,360. அந்தக் கூடுதல் கொள்ளளவு டார்க்கில், அதாவது என்ஜினின் திருகு விசையில், தெரியும்: ஜாகுவாருக்கு 260 பவுண்டு-அடி, கார்வெட்டுக்கு 360, அதுவும் நிமிடத்துக்கு 3,200 சுற்றிலேயே. மேல் கியரில் நிதானமாகப் போகும்போது மிதித்தால் கார்வெட் அப்படியே இழுக்கும். ஜாகுவாரில் கியரை இறக்கியாக வேண்டும்.

உச்ச வேகம் வேறு கணக்கு. நூறு மைலைத் தாண்டினால் என்ஜின் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடுதான். ஈ-டைப்பின் உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர். முகம் சிறியது, உடல் ஒடுக்கம், எடையும் குறைவு. கார்வெட் பார்க்கக் கூர்மையாக இருந்தாலும் அதிவேகத்தில் மூக்கு மேலே தூக்கும். ஆனால் அந்த 150, பத்திரிகைச் சோதனைக்கென்று நன்றாகத் தயார் செய்த காரின் எண். வாடிக்கையாளர் கையில் இருந்த கார்கள் அவ்வளவு போகவில்லை. இதை அட்டவணையில் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. 265, 300 இரண்டுமே என்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, காரில் சுமக்க வேண்டிய துணைக் கருவிகள் பல இல்லாமல் அளந்தவை. அதனால் என்ன என்று தோன்றும். 1971 கார்வெட்டின் அடிப்படை 350 கன அங்குல என்ஜினுக்கு 270 குதிரைத்திறன் என்று போட்டார்கள், 1972இல் துணைக் கருவிகளோடு அளந்து 200. என்ஜின் மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. இன்றைய கார்களின் எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றை வைக்கவே வைக்காதீர்கள்.

நான்குசக்கரம்:
பிரேக்கை விட்டுவிட்டீர்களே அண்ணே. 1963 கார்வெட்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் (உருளையின் உள்பக்கம் அழுத்தி நிறுத்துவது) தான், அதிவேகத்தில் சூடேறினாலும் பிடி தளராத டிஸ்க் (தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்துவது) வந்தது 1965 மாடலில். ஈ-டைப்பில் 1961இலிருந்தே நான்கிலும் டிஸ்க். வேகமாகப் போகிற காருக்கு இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பேன்.

பழைய கார்புரேட்டர்:
சரிதான். ஆனால் ஈ-டைப்பின் பின் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை) ஒட்டி இருக்கிறது. அதை மாற்றப் பின் சஸ்பென்ஷனையே மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும். அப்புறம், 3.8இன் கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகு போட வேண்டும். அவசரப்பட்டால் பற்கள் உரசுவது உள்ளங்கையில் தெரியும்.

முதல்கியர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஜாகுவார் பக்கம் பிறகு வந்த 4.2 லிட்டர் ஈ-டைப்பை எடுத்துக்கொள்ளலாமா? அதற்கும் அதே 265தானே?

பழைய கார்புரேட்டர்:
எண் அதேதான், கார் அதே அல்ல. 1964 கடைசியில் வந்தது. டார்க் 283 ஆனது, முன்னோக்கிய நான்கு கியருக்கும் சிங்க்ரோ வந்தது. ஓட்டுவதற்கு எனக்கு 4.2தான் பிடிக்கும். ஆனால் உங்கள் அட்டவணை 1963 என்றால் 3.8ஐயே வையுங்கள், 4.2க்குத் தனி வரி போடுங்கள்.