ரெண்டு விர்ச்சுவல் மெஷினுக்கும் ஒரே ஐபி: தகவல் பாதுகாப்பு பேப்பருக்கு லேப் போடுவது எப்படி?

கோணம்_மாணவன்:
நாகர்கோவில்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம். இந்த செமஸ்டர்ல தகவல் பாதுகாப்பு பேப்பர் இருக்கு. லேப்டாப் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். விர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரே லேப்டாப்புக்குள்ள பல கற்பனைக் கம்ப்யூட்டர் ஓட்டுற சாஃப்ட்வேர்) தாக்கிப் பார்க்கிற டூல் இருக்கிற காளி லினக்ஸும், அதுக்கு இலக்கா மெட்டாஸ்பிளாய்டபிள் 2-ம் போட்டாச்சு. ரெண்டுலயும் 10.0.2.15-னே ஐபி காட்டுது, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு பிங் (பதில் வருதான்னு பார்க்கிற சோதனை) போகல. காளி ரொம்ப மெதுவாவும் இருக்கு. ஹாஸ்டல் வைஃபைல பிரிட்ஜ் (கற்பனை மெஷினை நேரா வைஃபைல சேர்க்கிற மோடு) போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா அண்ணா? தியரில எதைப் பிடிச்சுப் படிக்கணும்?

தக்கலை_பாக்கெட்:
பிரிட்ஜ் மட்டும் போட்டுராத மக்கா. மெட்டாஸ்பிளாய்டபிள் வேணும்னே ஓட்டை வச்சு செஞ்ச சிஸ்டம். பிரிட்ஜ்ல விட்டா அது ஹாஸ்டல் நெட்வொர்க்ல எல்லாருக்கும் தெரியும். அதோட யூசர்நேம், பாஸ்வேர்ட் ரெண்டும் 'எம்எஸ்எஃப்அட்மின்'தான், ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.

ஐபி ஒண்ணா வர்றது கோளாறு இல்ல. நாட் மோடுல (லேப்டாப் வழியா வெளி இன்டர்நெட்டுக்குப் போற மோடு) ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி கற்பனை ரவுட்டர். ரெண்டும் முதல் விலாசமா 10.0.2.15-ஐத்தான் கொடுக்கும், நடுவுல வழியே கிடையாது. ரெண்டையும் ஷட்டவுன் பண்ணு. மெட்டாஸ்பிளாய்டபிளுக்கு ஒரே அடாப்டர், அது ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்புக்குள்ளயே நிக்கிற நெட்வொர்க்). காளிக்கு முதல் அடாப்டர் நாட் (அப்டேட்டுக்கு), ரெண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி. ஆன் பண்ணினா ரெண்டும் 192.168.56-ல தொடங்குற விலாசத்துல வரும். வரலன்னா விர்ச்சுவல்பாக்ஸ் நெட்வொர்க் மேனேஜர்ல ஐபி கொடுக்கிற டிஎச்சிபி சர்வர் அணைஞ்சு கிடக்கும், அதைப் பாரு.

ரேம் காளிக்கு 2 ஜிபி, மற்றதுக்கு 512 எம்பி போதும். 4 ஜிபிக்கு மேல தூக்கிக் கொடுத்தா விண்டோஸே திணறும். ஜன்னலோட கீழ்ப்பட்டையில பச்சை ஆமைப் படம் தெரியுதா? அப்படின்னா ப்ராசஸரோட விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி பிடிச்சு வச்சிருக்கு. விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ரெண்டையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணு. அப்பவும் ஆமை போகலன்னா கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டக்ரிட்டியை அணைக்கணும். அதுவும் ஒரு பாதுகாப்புதான், லேப் முடிஞ்சதும் திரும்பப் போட்டுரு.

எல்லாம் ஓடினதும் முதல் வேலை ஸ்னாப்ஷாட் (மெஷினோட இப்போதைய நிலையைச் சேமிச்சு வைக்கிறது). ஸ்கேன் பண்றது 192.168.56-க்குள்ள மட்டும். காலேஜ் சர்வர் பக்கம் அனுமதி இல்லாம போனா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43-ம் பிரிவுல நஷ்டஈடு கேக்கலாம். அதையே மோசடி எண்ணத்தோட செஞ்சா 66-ம் பிரிவு: 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

குழித்துறை_ஆடிட்:
லேப் பதில் சரி. ஆனா பசங்க டூல்லயே நின்னுடுறாங்க. இந்தப் பேப்பரோட உயிர் இடர் மதிப்பீடு.

குலசேகரத்துல ஒரு ரப்பர் ஷீட் கடைன்னு வச்சுக்கோங்க. பில் கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல. ஐப்பசி இடி மின்னல்ல அது போச்சுன்னா ஒரு தடவைக்கு 60,000 ரூபா நஷ்டம்னு வைங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும்னா வருஷ விகிதம் 0.25. ரெண்டையும் பெருக்கினா வருஷ நஷ்ட எதிர்பார்ப்பு 15,000. சர்ஜ் புரொட்டக்டர், வெளி ஹார்ட்டிஸ்க்ல பேக்கப் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 4,000 ஆகுதுன்னா செய்யலாம். 20,000 ஆகுதுன்னா வேற வழி தேடணும். பேக்கப் டிஸ்க்கை எப்பவும் செருகியே வச்சா அதே மின்னல்ல அதுவும் போகும், ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வைரஸ்) வந்தாலும் போகும். பரீட்சையில இந்த ஒரு வரி எழுதுறவங்க குறைவு.

ஹேக்கரே இல்லாத இந்தக் கணக்கும் பாதுகாப்புதான். ரகசியம், நேர்மை (தகவல் மாறாம இருக்கிறது), கிடைக்கும் தன்மைன்னு மூணு இருக்கு. மூணாவதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.

இரணியல்_சைஃபர்:
ஆர்எஸ்ஏ (பொதுச் சாவியால பூட்டி ரகசியச் சாவியால திறக்கிற முறை) கணக்குல மார்க் போற இடம் ஒண்ணுதான். பகா எண்கள் 5, 11 எடுத்தா பெருக்கல் 55, ஃபை 40 (ரெண்டுலயும் ஒண்ணு குறைச்சு, 4-ஐ 10-ஆல பெருக்கினது). பொதுச் சாவி 3-ன்னா ரகசியச் சாவி 27, ஏன்னா 81-ஐ 40-ஆல வகுத்தா மீதி 1. பலர் 40-க்குப் பதிலா 55-ஐ வச்சு 37-னு எழுதுறாங்க. சரிபார்க்க: செய்தி 2, அதோட சைஃபர் (2-ஓட 3-ம் அடுக்கு) 8. 8-ஓட அடுக்கா 27 போட்டு 55-ஆல வகுத்தா மீதியா 2 திரும்பக் கிடைக்கும், 37 போட்டா 13 வரும்.

கோணம்_மாணவன்:
அண்ணா, ஆமை போயாச்சு, பிங்கும் வருது! என்மேப்ல (போர்ட் ஸ்கேன் டூல்) 21-வது போர்ட்ல விஎஸ்எஃப்டிபிடி (எஃப்டிபி சர்வர் சாஃப்ட்வேர்) 2.3.4-னு காட்டுது. அடுத்து?

தக்கலை_பாக்கெட்:
அந்தப் பதிப்போட மூலக் கோப்புல 2011-ல யாரோ பின்கதவு சொருகிட்டாங்க. யூசர்நேம் கடைசியில சிரிப்புக் குறி, அதாவது முக்காற்புள்ளியும் மூடுற அடைப்பும் போட்டா 6200-வது போர்ட் திறக்கும், ரூட் அதிகாரம், அதாவது மெஷின் மேல முழுக் கட்டுப்பாடு, கிடைக்கும். மெட்டாஸ்பிளாய்ட்ல (காளில இருக்கிற தாக்குதல் டூல்) இதுக்கு மாட்யூலே இருக்கு. முதல்ல கையால செஞ்சு பாரு, நெட்வொர்க்ல போறது வர்றதைக் காட்டுற வயர்ஷார்க்கை ஓட விட்டுக்கிட்டே. ரெக்கார்ட் நோட்ல நேரம், கொடுத்த கமாண்ட், வந்த பதில், சரிசெய்யும் வழி நாலும் வரணும். ஃபயர்வால்ல 6200-ஐ அடைக்கிறது தற்காலிகம், சுத்தமான பதிப்பை மாத்தறதுதான் தீர்வுன்னு பிரிச்சு எழுது.