பெரிஸ்டோம்: வாய்ப்பல்லா, வாய்ப்படலா?

அனைவருக்கும் வணக்கம்.

பாசியின் (moss) வித்துப்பை, அதாவது ஸ்போர்கள் இருக்கும் பை, அதன் வாய் விளிம்பில் நிற்கும் பல் வரிசைதான் பெரிஸ்டோம். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கிவிட்டு மூன்று நாளாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். வந்த சொற்களையெல்லாம் கையில் இருக்கும் செடியோடு வைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

செடி, ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம். நாகர்கோவிலில் மாமியார் வீட்டுத் தென்னையில் இடுப்பு உயரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. வெப்பமண்டலம் முழுக்கப் பரவிய பாசி இது; தென்னை, பனைத் தண்டுகள் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். பக்கத்துப் பாசியெல்லாம் பச்சையாக இருக்க, இது மட்டும் வெளுத்துக் கிடக்கும். காய்ந்தால் இன்னும் வெளுக்கும். இலையின் நடுவில் ஒரே ஓர் அடுக்கில்தான் பச்சையமுள்ள செல்கள்; அதற்கு மேலும் கீழும் வெற்றுச் செல்கள். நீர் வற்றி அவற்றில் காற்று புகுந்ததும் வெள்ளையாகத் தெரிகிறது. பிளேடால் இலையைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால் பச்சைச் செல்கள் முக்கோணமாகத் தெரியும். இதேபோல வெளுத்திருக்கும் லூக்கோபிரையத்தில் அவை நாற்கோணம். ஆள் யார் என்பது அங்கேயே தீர்ந்துவிடும்.

இலையின் வெற்றுச் செல்லுக்கு 'வெண்செல்', பச்சையமுள்ள செல்லுக்குப் 'பச்சைச்செல்' என்று சொன்ன சகோதரிக்கு நன்றி. யாழ்ப்பாணத்து அண்ணன் கோபிக்கக் கூடாது, செல்லுக்குக் 'கலம்' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 'வெண்கலம்' என்று எழுதினால் வாசகர் பாத்திரக் கடைக்குப் போய்விடுவார்.

இப்போது பெரிஸ்டோம். அரை சென்டிமீட்டர் காம்பின் நுனியில் வித்துப்பை. அதன் மூடி கழன்று விழுந்ததும் வாய் விளிம்பில் எட்டுப் பற்கள் நிற்பது தெரியும். செடியின் பெயரே அதுதான், 'எட்டு இமைமயிர்'. வைத்தது லைப்சிக் மருத்துவர் யோஹான் ஹெட்விக். பாசிகளை இந்தப் பற்களைக் கொண்டு வகைப்படுத்தியவர் அவர். அவர் 1799-இல் இறந்த பிறகு 1801-இல் வெளிவந்த நூலிலிருந்துதான் பாசிப் பெயர்களின் கணக்கே தொடங்குகிறது. அதனால் இந்த ஒரு சொல்லில் சறுக்கினால் பிறகு எழுதும் விளக்கம் எல்லாம் சறுக்கும்.

> 'சூழ்வாய்' என்று நேராகவே சொல்லலாமே?

ஐயா, 'சுற்றி' என்ற பொருளில் 'பெரி' வரும் இடமெல்லாம் 'சூழ்' போட வேண்டியதில்லை. பெரிகார்ப்பைக் கனியுறை என்கிறோம், சூழ்கனி என்பதில்லை. போதாததற்கு, 'நீ சூழ்வாய்' என்று வினையாகவும் காதில் விழுகிறது.

> 'வாய்ப்பல்' எளிது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

ஒரு பல்லுக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது, அப்படியே எடுத்துக்கொள்வோம். சிக்கல் முழு அமைப்புக்கு வரும்போதுதான். பாடப்புத்தகத்தில் வரும் ஃபுனேரியா என்ற பாசியில் பெரிஸ்டோம் இரண்டு அடுக்கு. வெளியே 16 பற்கள், உள்ளே 16. அதை 'இரட்டை வாய்ப்பற்கள்' என்று எழுதினால் மாணவர் இரண்டே பல்லைத் தேடுவார். மழைக்காலத்தில் ஈரச்சுவரில் வரும் ஹையோஃபிலா பாசிக்குப் பெரிஸ்டோமே கிடையாது. அதை என்ன, பொக்கைவாய் என்பதா? (சொல்லிவிட்டேனே தவிர, அது அவ்வளவு மோசமாக இல்லை.)

அதனால்தான் 'வாய்ப்படல்' என்றேன். எங்கள் பக்கம் ஆட்டுப்பட்டியின் வாசலில் மூங்கிலோ முள்ளோ கட்டிய படல் வைப்பார்கள். காலையில் தள்ளினால் ஆடு வெளியே போகும், மாலையில் இழுத்தால் அடைபடும். ஃபுனேரியாவின் வெளிப்பற்கள் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். காற்று உலர்ந்தால் திறக்கும், ஈரம் பட்டால் மூடும், வித்துகள் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கொடைக்கானலில் நெருப்பு வைத்த இடத்திலிருந்து எடுத்து வந்த ஃபுனேரியாவை லென்சுக்கு அடியில் வைத்து மெல்ல ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரத்துக்கே பற்கள் அசையும். அசைவைப் பார்த்த பிறகு 'வளையம்', 'வேலி' என்று வந்த மற்ற சொற்கள் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. 'ஒற்றைப் படல்', 'இரட்டைப் படல்', 'படலில்லாதது' என்று அந்தச் சொல்லும் வளைந்து கொடுக்கிறது.

> படல் என்றால் படலம் என்று படிப்பார்கள்.

இதுதான் எனக்கு விழுந்த உண்மையான அடி. பாலிட்ரைக்கம் என்ற பாசியில் 32 அல்லது 64 குட்டைப் பற்களின் நுனியை இணைத்து வாயின் குறுக்கே நிஜமாகவே ஒரு படலம் இருக்கிறது. இடைவெளிகள் வழியே உப்புக்குப்பி போல வித்துகள் சிதறும். அந்தப் பற்கள் திறந்து மூடுவதும் இல்லை. அந்த ஒரு குடும்பத்தில் என் உவமை தோற்றுப்போகிறது. அங்கே படலத்தை 'வாய்ச்சவ்வு' என்று எழுதினால் குழப்பமாவது தீரும். உவமை தீராது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இரட்டைப் பல் குழப்பத்துக்கு இது தேவலை என்றுதான் படுகிறது.

'இமைமயிர்' சொன்ன தம்பிக்கு: அந்தச் சொல்லை உறுப்புக்கு வைக்காமல் செடிக்கே வைத்துவிடலாம். எட்டிமைப் பாசி. நம் பாடநூல்களில் பாசி என்பது ஆல்காவுக்குப் போய்விட்டதே என்று உடனே கேட்பீர்கள். அந்தச் சண்டைக்குத் தனி இழை வேண்டும்.

அப்புறம், வித்துப்பையின் தலையை மூடியிருக்கும் உறையான கலிப்ட்ராவுக்கு என் வரைவில் 'குல்லாய்' என்று எழுதியிருந்தேன். இந்தச் செடியில் அது ஒரு பக்கம் பிளந்து சரிந்து நிற்கிறது. 'முக்காடு' என்று மாற்றட்டுமா? வரைவை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.