முகூர்த்த மாசத்துல மாத்திரைய விட்ட மாஸ்டர்

ப்ரீயா குடுக்குற எச்ஐவி மாத்திரைய ஏன் பாதில விடுறாங்கன்னு மேல ஒருத்தர் கேட்டிருந்தாரு, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள பத்தி சொல்றேன். காரைக்குடி பக்கம், கல்யாண சமையல் மாஸ்டர், அவ்வளவு போதும். நான் அப்ப களப்பணியில இருந்தேன், ஏஆர்டி சென்டர்ல (எச்ஐவி மருந்து குடுக்குற எடம்) மாத்திரை வாங்க வராதவங்க லிஸ்ட் குடுப்பாங்க, போன் அடிக்கணும், எடுக்கலேன்னா நேர்ல போயி நிக்கணும்.

மாஸ்டர் ரெண்டு மாசமா வரல, போனும் ஆப். நேர்ல போறதுதான் ரோதனை, நம்ம ஊருல புது மூஞ்சி தெருவுல நுழைஞ்சாலே திண்ணையில இருந்து "தம்பி யாரு வீட்டுக்கு?"ன்னு வந்துரும். பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டுச்சு, சமையல் பேச வந்தேன்னேன், எத்தன எலன்னு அடுத்த கேள்வி, 300ன்னு அடிச்சு விட்டேன்.

மாஸ்டர் கொல்லப்பக்கம் கூட்டிட்டு போயி ஒரு பெருங்காய டப்பாவ தொறந்தாரு. உள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள மாத்திரை. குலுங்குனா சத்தம் வரக்கூடாதாம். (மருந்து டப்பாலயே வைக்கணும், ஈரம் பட்டா கெட்டுரும்னு நாங்க படிச்சு படிச்சு சொல்றதெல்லாம் இங்க எங்க எடுபடும்.)

விட்டதுக்கு காரணம் வேற. அப்ப குடுத்தது எஃபாவிரென்ஸ் சேந்த மாத்திரை, ராத்திரி போட்டா கெறக்கமும் கண்ட கனவும் வரும். இவருக்கு கல்யாண நாள்ல ராத்திரி 2 மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும், விடிய பந்திக்கு வெள்ளப்பணியாரம் போகணும். "கொதிக்கிற எண்ண முன்னாடி தல சுத்துனா என்ன செய்ய தம்பி"ன்னாரு. முகூர்த்தத்துக்கு மட்டும் விட்டவரு அப்புறம் மொத்தமா விட்டுட்டாரு. ஒழுங்கா போடுங்கன்னு வருஷக்கணக்கா திட்டியிருக்கோம், எத்தன மணிக்கு வேலைக்கு போவீங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, நானும்தான்.

2004 ஏப்ரல்ல தாம்பரம் மாதிரி நாட்டுல 8 எடத்துல இந்த மருந்த இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்ப சிடி4 (ரத்தத்துல நோய் எதிர்ப்பு செல்லோட எண்ணிக்கை) ரொம்ப எறங்குனாத்தான் மருந்து. 2017ல இருந்து பாசிட்டிவ்னு தெரிஞ்சாலே உடனே தொடங்கிரலாம். ஆக தொடங்குறது பிரச்சனையில்ல, விடாம இருக்குறதுதான். கிட்டத்துல இருக்குற சென்டருக்கு மாத்தி விடுறோம்னா மாஸ்டர் பதறுறாரு, அங்க வரிசையில என் பந்தியில சாப்ட்டவன் நிப்பான்னு. பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆனாலும் மதுரதான்னாரு, ஒரு நாள் கூலி போச்சு. நல்லா இருக்குறவங்களுக்கு மொத்தமா மூணு மாச மாத்திர குடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் மூச்சு விட்டாரு.

இப்ப டோலுடெக்ராவிர் சேந்தது, ஒரு நாளைக்கு ஒண்ணு, எப்ப வேணா போடலாம். ஒண்ணே ஒண்ணு, சமையல்காரருக்கு நெஞ்செரிச்சல் ஜாஸ்தி, ஜெலுசில் குடிப்பாரு, அதோட சேத்து போட்டா மருந்து ஒடம்புல சரியா ஏறாது. மாத்திரைய போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அது. போன தடவ டெஸ்ட்ல வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் அளவு, டிடெக்ட் ஆகல.

>> அண்ணே தப்பா நெனைக்காதீங்க, சமையல்காரருக்கு இருக்குறது சாப்புடுறவங்களுக்கு ஆபத்து இல்லையா?

>> இல்ல தம்பி, சாப்பாட்டுல பரவாது. இத சொல்லி வேலைய விட்டு தூக்குறதும் 2017 எச்ஐவி சட்டப்படி தப்பு. சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, காசு கெடையாது.

>> அந்த ஆச்சி என்ன ஆச்சு?

>> இப்பவும் பாத்தா கேக்குது, அந்த 300 எல கல்யாணம் எப்பன்னு. பொண்ணு வீட்ல பேச்சு முறிஞ்சு போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.